நின்ற சக்கரத்தை எண்ணிய கருவி: தருக்கச் சுற்றில் சிறு சமிக்ஞையைப் பெருக்கிய ஒரு நிகழ்வின் ஆய்வு

பழுது பார்க்க என்னிடம் வந்த ஒரு சுழல்வேகமானி, நிமிடத்துக்கு 270 சுற்றுக்குக் கீழே எதையுமே காட்டவில்லை. 270க்கும் ஏறத்தாழ 350க்கும் இடையில் உண்மை வேகத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு காட்டியது. அதற்கு மேலே 3,000 சுற்று வரை ஒரு சுற்றுகூடப் பிசகாமல் காட்டியது. முழுவதுமாகப் பழுதான கருவியைவிட இப்படிப் பாதி வேலை செய்யும் கருவி ஆபத்தானது, ஏனெனில் அது சரியாகக் காட்டும் நேரத்தில் பார்த்தவர் எல்லா நேரமும் அதை நம்பிவிடுவார். எண்ணி, திரை, கடிகாரத் துடிப்பு என மற்றப் பகுதிகள் அனைத்தும் நலமாக இருந்தன. கோளாறு முழுவதும், உணரியிலிருந்து வரும் சிறிய அலையை 0, 1 என்று பிரித்துச் சொல்ல வேண்டிய முதல் இரண்டு அங்குல மின்சுற்றில் இருந்தது.

கருவியின் அமைப்பு எளிமையானது. 60 பற்கள் கொண்ட இரும்புச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. அதன் அருகே, காந்தத்தைச் சுற்றிக் கம்பி சுற்றிய ஓர் உணரி இருக்கிறது. ஒவ்வொரு பல் கடக்கும்போதும் காந்தப் பாயம் மாறுவதால் கம்பியில் ஓர் அலை எழுகிறது. பற்கள் 60 என்பதால், நொடிக்கு எத்தனை அலையோ நிமிடத்துக்கு அத்தனை சுற்று. ஆகவே ஒரு நொடி எண்ணிய தொகையை அப்படியே திரையில் காட்டினால் போதும், பெருக்கலோ வகுத்தலோ தேவையில்லை. ஆனால் இவ்வகை உணரியில் அதிர்வெண்ணோடு அலையின் உயரமும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். நான் அளந்தபோது நிமிடத்துக்கு 60 சுற்றில் உச்சம் 40 மில்லிவோல்ட்டாகவும், 3,000 சுற்றில் 2 வோல்ட்டாகவும் இருந்தது.

இந்த அலை ஒரு மின்தேக்கி வழியாக 74எச்சி04 (74HC04) என்ற தருக்கச் சிப்பில் உள்ள ஓர் இன்வெர்ட்டரின், அதாவது 0ஐ 1ஆகவும் 1ஐ 0ஆகவும் திருப்பித் தரும் உறுப்பின், உள்ளீட்டுக்குச் சென்றது. 5 வோல்ட் மின்வழங்கலை இரண்டு 100 கிலோ ஓம் மின்தடைகளால் சரிபாதியாக்கி, அந்த உள்ளீட்டை 2.5 வோல்ட்டில் நிறுத்தியிருந்தார்கள். இன்வெர்ட்டர் தன் வெளியீட்டை மாற்றும் புள்ளியை, அதாவது வாசல் மின்னழுத்தத்தை, மின்வழங்கலின் பாதி என்று பாடநூல்கள் சொல்வதை நம்பி வரைந்த சுற்று அது. பாதி என்பது தோராயம்தான். சிப்பின் தரவுத்தாள் உறுதியளிப்பது, 5 வோல்ட் மின்வழங்கலில் ஏறத்தாழ 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அது 1, 1.5 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் அது 0 என்பதை மட்டுமே. நடுவில் உள்ள 2 வோல்ட் அகலமான வெளியில் வாசல் எங்கே இருக்கும் என்று அது சொல்வதில்லை. என் முன் இருந்த சிப்பில் வாசல் 2.32 வோல்ட்டில் இருந்தது. அலை நிற்கும் இடத்துக்கும் வாசலுக்கும் இடையே 180 மில்லிவோல்ட் தூரம். 60 சுற்றுக்கு 40 மில்லிவோல்ட் என்றால் 180 மில்லிவோல்ட் எட்ட 270 சுற்று வேண்டும். முதல் புதிர் அந்தக் கணக்கிலேயே தீர்ந்தது.

இரண்டாவது புதிரும் அதிலேயே அடங்கியிருந்தது. 270 சுற்றைச் சற்றே தாண்டும்போது அலை தன் அடிமுனையில்தான் வாசலைத் தொடுகிறது. சைன் அலை மிக மெதுவாக மாறும் இடம் அதன் முனை. வாசலை விரைந்து கடந்து போகாமல் அலை அங்கேயே தயங்கி நிற்கும்போது, அதன்மேல் ஏறியிருக்கும் ஓரிரு மில்லிவோல்ட் இரைச்சல் வாசலின் இருபுறமும் பலமுறை போய்வருகிறது. ஒவ்வொரு போய்வரவும் எண்ணியில் ஓர் எண்ணிக்கையாகிவிடுகிறது.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். மின்தடைப் பிரிப்பானில் ஒரு திருகு மின்தடையைச் சேர்த்து, உள்ளீட்டை 2.32 வோல்ட்டுக்கே இறக்கி வைத்தேன். சக்கரத்தை 60 சுற்றில் ஓட்டினேன். திரை நானூற்றுச் சொச்சம் காட்டியது; அடுத்த நொடி முந்நூறு காட்டியது. அமைதியாக இருந்த கருவியைப் பேசவைத்திருந்தேன், ஆனால் அது உளறியது.

இந்த உளறலின் காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது, ஏனெனில் பின்னால் செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை இங்கேதான் இருக்கிறது. சைன் அலை தன் நடுக்கோட்டைக் கடக்கும் வேகம், 2 பை மடங்கு அதிர்வெண்ணை உச்சத்தால் பெருக்கினால் கிடைக்கும். 60 ஹெர்ட்ஸ், 40 மில்லிவோல்ட் என்றால் அது நொடிக்கு 15 வோல்ட், அதாவது மைக்ரோநொடிக்கு 0.015 மில்லிவோல்ட். இரைச்சல் ஒரு பக்கம் 1 மில்லிவோல்ட் என்று கொண்டால், அலை அந்த 2 மில்லிவோல்ட் பட்டையைக் கடக்க ஏறத்தாழ 133 மைக்ரோநொடி எடுக்கிறது. இன்வெர்ட்டரோ 10 நானோநொடி அளவில் முடிவெடுத்துவிடும் சாதனம். பத்து கிலோஹெர்ட்ஸ் அளவிலான இரைச்சல்கூட 133 மைக்ரோநொடிக்குள் ஒரு முழுச் சுற்று அலைந்துவிடும் என்பதால், சாதாரண மின்வழங்கல் கலக்கமே கூடுதல் எண்ணிக்கைகளை உண்டாக்கப் போதுமானது. இப்போது 3,000 சுற்றுக்குப் போவோம். அதிர்வெண் 50 மடங்கு, உச்சமும் 50 மடங்கு. ஆகவே கடக்கும் வேகம் 2,500 மடங்கு. அதே 2 மில்லிவோல்ட் பட்டையை அலை 53 நானோநொடியில் கடந்துவிடுகிறது. அந்த இடைவெளிக்குள் அலையக்கூடிய இரைச்சல் பத்து மெகாஹெர்ட்ஸைத் தாண்டியதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டது அந்தப் பலகையில் பெரிதாக இல்லை. வேகம் கூடக்கூடக் கருவி நல்லபிள்ளையாவதற்குக் காரணம் இந்த வர்க்க உறவுதான்.

எச்சி குடும்பத்தின் தரவுத்தாள், 4.5 வோல்ட் மின்வழங்கலில் உள்ளீடு 500 நானோநொடிக்குள் 0இலிருந்து 1க்கு மாறிவிட வேண்டும் என்று வலியுறுத்துவதும் இதே அச்சத்தால்தான். அந்த வரியைப் படிக்காமல் கடந்துபோகிறவர்கள் அதிகம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தேன்.

இன்வெர்ட்டரைப் பெருக்கியாக்கும் முயற்சி

இன்வெர்ட்டரின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு பெரிய மின்தடையைப் போட்டால், அது தன்னைத்தானே வாசலில் நிறுத்திக்கொள்ளும். உள்ளீடு சற்று உயர்ந்தால் வெளியீடு இறங்கி அதைக் கீழே இழுக்கும். இறங்கினால் மேலே தள்ளும். வாசல் எத்தனை வோல்ட்டில் இருக்கிறது என்பதை நாம் அறியவேண்டியதே இல்லை, திருகு மின்தடையும் தேவையில்லை. நுண்கட்டுப்படுத்திகளில் படிகத்தோடு சேர்ந்து கடிகாரத் துடிப்பை உண்டாக்கும் அலையியற்றிகளில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டால்தான் உயிர்பெறுகின்றன. படிகத்துக்குக் குறுக்கே நாம் காணும் 1 மெகா ஓம் மின்தடையின் பணி அதுவே. இலக்க (டிஜிட்டல்) உலகின் இதயத் துடிப்பு ஓர் ஒப்புமை (அனலாக்) பெருக்கியிலிருந்துதான் பிறக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சற்றே வேடிக்கையாக இருக்கும்.

பலகையில் ஏற்கெனவே இருந்த 74எச்சி04இலேயே இதை முதலில் முயன்றேன். ஆஸிலாஸ்கோப்பில் பல மெகாஹெர்ட்ஸ் அலைவு மட்டுமே தெரிந்தது. உணரியின் அலை எங்கோ அதற்குள் புதைந்துபோயிருந்தது. காரணம், அந்தச் சிப்பில் ஒரு இன்வெர்ட்டர் என்று வரைந்திருப்பது உண்மையில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று இன்வெர்ட்டர்கள். ஒவ்வொன்றும் இருபது மடங்கு பெருக்கினாலும் மூன்றும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் போய்விடும், மூன்றின் தாமதமும் ஒன்றோடொன்று கூடும். இத்தனை பெருக்கமும் இத்தனை தாமதமும் கொண்ட ஒன்றுக்குப் பின்னூட்டம் கொடுத்தால், அதாவது வெளியீட்டை உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டால், அது அலைவில் இறங்குவது வியப்பல்ல.

இதற்காகவே 74எச்சியு04 என்ற உடன்பிறப்பு இருக்கிறது. பெயரில் கூடுதலாக உள்ள யு என்ற எழுத்து, இடைத்தாங்கல், அதாவது பின்னால் தொடரும் கூடுதல் இன்வெர்ட்டர்கள், இல்லை என்பதைக் குறிக்கிறது. உள்ளே ஒரே ஒரு இன்வெர்ட்டர், அதாவது மேலே ஒரு டிரான்சிஸ்டர், கீழே ஒரு டிரான்சிஸ்டர், அவ்வளவுதான். பெருக்கம் இருபது மடங்கு அளவில் நிற்கும். கால்களின் வரிசை 74எச்சி04 போலவே இருப்பதால் சாக்கெட்டில் பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகினால் போதும். நான் இதைத் தேர்ந்ததற்கு உண்மையான காரணம் இந்த வசதிதான், வேறு எந்த மேன்மையும் அல்ல.

1 மெகா ஓம் பின்னூட்டம், உள்ளீட்டில் 10 கிலோ ஓம், பழைய பலகையில் இருந்த 10 நானோஃபாரட் இணைப்பு மின்தேக்கி. 10 கிலோ ஓம் இரண்டு வேலை செய்தது: வேகம் எல்லை மீறி உணரி இருபது வோல்ட் தந்தாலும் சிப்பின் பாதுகாப்பு டையோடுகளில் 2 மில்லிஆம்பியருக்கு மேல் பாயாதபடி தடுத்தது, பெருக்கத்தை 20இலிருந்து ஏறத்தாழ 16.5ஆகக் குறைத்தது. 40 மில்லிவோல்ட் உள்ளே போனால் 660 மில்லிவோல்ட் வெளியே வர வேண்டும். வந்தது 140 மில்லிவோல்ட்.

அரை நாள் வீணானது. சிப் போலியோ என்றுகூட ஐயுற்று இன்னொன்றை மாற்றிப் பார்த்தேன். தவறு என் கணக்கில் இருந்தது. மின்தேக்கி, தான் காணும் மின்தடையோடு சேர்ந்து ஒரு கீழ்வெட்டு அதிர்வெண்ணை உண்டாக்கும். அதற்குக் கீழே உள்ள அலைகள் தேய்ந்துபோகும். மின்தேக்கி காணும் மின்தடை 1 மெகா ஓம் என்று கொண்டு, வெட்டு 16 ஹெர்ட்ஸ் என்று எழுதிவைத்திருந்தேன். ஆனால் அந்த மின்தடையின் மறுமுனை தரையில், அதாவது 0 வோல்ட்டில், நிலையாக நிற்கவில்லை. உள்ளீடு 1 மில்லிவோல்ட் ஏறினால் அது 20 மில்லிவோல்ட் இறங்குகிறது. ஆகவே மின்தடையின் இரு முனைகளுக்கிடையே 21 மடங்கு மின்னழுத்தம், 21 மடங்கு மின்னோட்டம். உள்ளீட்டிலிருந்து பார்ப்பவருக்கு அந்த 1 மெகா ஓம் வெறும் 47.6 கிலோ ஓம்தான். அதோடு 10 கிலோ ஓமைக் கூட்டினால் 57.6 கிலோ ஓம்; வெட்டு 276 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் அலைக்கு அங்கே ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், 16.5 மடங்கு பெருக்கம் மூன்றரை மடங்காகச் சுருங்கும், 140 மில்லிவோல்ட்டும் கணக்குக்குச் சரியாக வந்து நிற்கும். மின்தேக்கியை 470 நானோஃபாரட்டாக மாற்றியதும் வெட்டு 6 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, 660 மில்லிவோல்ட் முழுமையாக வந்தது.

பெருக்கம் கூடியது, பிழையும் கூடியது

பெருக்கிய அலையை நேராக அடுத்த இன்வெர்ட்டருக்குக் கொடுத்தபோது உளறல் சற்றே குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. யோசித்தால் அது நிற்கவும் முடியாது. பெருக்கி சமிக்ஞையை 16.5 மடங்காக்கும்போது அதன்மேல் ஏறியிருக்கும் இரைச்சலையும் அதே 16.5 மடங்காக்குகிறது, அலை இரைச்சல் பட்டையைக் கடக்க எடுக்கும் 133 மைக்ரோநொடி அப்படியே இருக்கிறது. குறைந்தது, பெருக்கிக்குப் பின்னால் சேரும் இரைச்சலின் பங்கு மட்டுமே.

இந்த இடத்தில் ஹிஸ்டெரிசிஸ் வேண்டும் என்பது தெரிந்ததே: ஏறும்போது ஒரு வாசல், இறங்கும்போது வேறொரு வாசல், இரண்டுக்கும் நடுவே இரைச்சல் துள்ளினாலும் வெளியீடு அசையாது. ஒட்டோ ஷ்மிட் நரம்புத் துடிப்புகளை ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில் வெற்றிடக் குழல்களால் உருவாக்கி 1938இல் வெளியிட்ட சுற்றின் தத்துவம் இதுதான், இன்றும் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. 74எச்சி14 சிப்பில் ஆறு ஷ்மிட் இன்வெர்ட்டர்கள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. ஆனால் 5 வோல்ட்டில் அதன் இரு வாசல்களும் சாதாரணமாக 2.6, 1.6 வோல்ட் அருகே இருக்கும். அவற்றின் நடு 2.1, என் அலையின் நடுவோ 2.3க்கு மேலே. கீழ்வாசலைத் தொட அலைக்கு 0.7 முதல் 0.9 வோல்ட் உச்சம் வேண்டும், என்னிடம் இருப்பது 0.66. ஆகவே முன்போலத் தன்னைத்தானே வாசலில் நிறுத்திக்கொள்ளும் இன்னொரு பெருக்கியைச் சேர்த்து, மொத்தம் 330 மடங்கு பெருக்கி, ஷ்மிட்டுக்குக் கொடுத்தேன்.

60 சுற்றில் திரை 60 என்று காட்டியது. 40 சுற்றில் 40. மகிழ்ச்சியோடு மோட்டாரை நிறுத்தினேன். சக்கரம் நின்றது. திரை 50 என்று காட்டியது, காட்டிக்கொண்டே இருந்தது.

கட்டடத்து மின்கம்பிகளில் ஓடும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உணரியின் கம்பியில் ஏறி வந்திருந்தது; உச்சம் 4 மில்லிவோல்ட். 330 மடங்கு பெருக்கத்துக்கு அது 1.3 வோல்ட். உள்ளீட்டில் மூன்று மில்லிவோல்ட் இருந்தாலே எண்ணத் தொடங்கும் கருவியை நான் செய்துவைத்திருந்தேன், ஆனால் எனக்குத் தேவையான மிகச் சிறிய சமிக்ஞை 40 மில்லிவோல்ட். காது கேளாமல் இருந்த கருவிக்கு இப்போது வேண்டாததெல்லாம் கேட்டது.

இந்த நிகழ்வில் நான் தாமதமாகக் கற்றது இதைத்தான். எத்தனை மடங்கு பெருக்குவது என்ற கேள்வியே இங்கு பிழை. உள்ளீட்டில் எத்தனை மில்லிவோல்ட்டுக்குக் கீழே உள்ளதைக் கருவி மதிக்கக் கூடாது என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். ஹிஸ்டெரிசிஸின் பாதி அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் வருவது அந்த எண்ணாக இருக்கும்படி இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் கருவியில் தொல்லை 4 மில்லிவோல்ட், சமிக்ஞை 40. நடுவே 15 என்று வைத்தேன்.

15ஐ 16.5ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 250 மில்லிவோல்ட், முழு அகலம் 0.5 வோல்ட். இதற்கு 74எச்சி14 தேவையில்லை. 74எச்சியு04இல் இன்னும் ஐந்து இன்வெர்ட்டர்கள் சும்மா இருந்தன. அவற்றில் இரண்டை அடுத்தடுத்து வைத்து, இரண்டாவதன் வெளியீட்டிலிருந்து முதலாவதன் உள்ளீட்டுக்கு 100 கிலோ ஓம், பெருக்கியிலிருந்து அந்த உள்ளீட்டுக்கு 10 கிலோ ஓம் போட்டேன். இரண்டு முறை தலைகீழானது மீண்டும் நேராகிவிடுவதால் இது நேர்ப் பின்னூட்டம். வெளியீடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே உள்ளீட்டையும் சாய்க்கிறது. அகலம், மின்வழங்கலில் 100க்கு 10 பங்கு, அதாவது அரை வோல்ட். டைனமிக் ரேம் நினைவகத்தில், நுண்ணிய மின்தேக்கி ஒன்று கம்பியில் உண்டாக்கும் நூறு மில்லிவோல்ட் அளவிலான வேறுபாட்டை முழு 0 அல்லது 1ஆக ஊதிப் பெரிதாக்குவதும், இப்படி ஒன்றையொன்று தாங்கும் இரு இன்வெர்ட்டர்கள்தான்.

இந்த ஏற்பாட்டின் அழகு வேறோர் இடத்தில் இருக்கிறது. பெருக்கியும் ஷ்மிட் இணையும் ஒரே சிப்பில், ஒரே சிலிக்கனில் இருப்பதால் அவற்றின் வாசல்கள் ஏறத்தாழ ஒன்றே. பெருக்கியின் வெளியீடு நிற்கும் இடமே ஷ்மிட்டின் நடுப்புள்ளி. வெப்பத்தால் ஒன்று நகர்ந்தால் மற்றதும் கூடவே நகரும். இடையில் மின்தேக்கியே தேவைப்படவில்லை. நான்காவது இன்வெர்ட்டர் எண்ணிக்கு வெளியீட்டைக் கொண்டுசென்றது. மிஞ்சிய இரண்டின் உள்ளீடுகளையும் தரையோடு இணைத்தேன். அவற்றைத் தொங்கவிட்டால் அவையும் தம் வாசலில் மிதந்து மின்னோட்டத்தைக் குடித்து இரைச்சலைக் கிளப்பும்.

ஒரு தொல்லை மட்டும் மிஞ்சியது. திரை நான்கு இலக்கங்களாக ஒளிரும்போது மட்டும் குறைந்த வேகத்தில் எப்போதாவது எண்ணிக்கை ஓரிரண்டு கூடியது. திரையின் இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக ஏற்றி அணைக்கப்படுபவை. ஒவ்வொரு மாற்றத்திலும் மின்வழங்கலில் 40 மில்லிவோல்ட் குலுங்கியது. இடைத்தாங்கல் இல்லாத இன்வெர்ட்டருக்கு மின்வழங்கல் கலக்கத்திலிருந்து பாதுகாப்பு என்று எதுவும் கிடையாது. வாசல் மின்வழங்கலின் பாதியோடு ஏறி இறங்குவதால், 40 மில்லிவோல்ட் குலுக்கம் உள்ளீட்டில் 20 மில்லிவோல்ட் சமிக்ஞைக்குச் சமம். நான் வகுத்த 15ஐ அது தாண்டுகிறது. சிப்பின் மின்வழங்கல் காலுக்கு முன் 47 ஓம், காலில் 220 மைக்ரோஃபாரட், அதன் அருகே 100 நானோஃபாரட். 15 ஹெர்ட்ஸில் வெட்டும் அந்த வடிகட்டி, கிலோஹெர்ட்ஸ் குலுக்கத்தை ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே அடக்கியது. பெருக்கி எப்போதும் இரு டிரான்சிஸ்டர்களும் பாதி திறந்த நிலையில் சில மில்லிஆம்பியர் இழுப்பதால் 47 ஓமில் கால் வோல்ட் அளவு இழப்பு ஏற்பட்டது, அதனால் கேடில்லை. மின்கலத்தில் ஓடும் கருவியாக இருந்தால் இந்த மில்லிஆம்பியர்களே இம்முறையைக் கைவிடப் போதுமான காரணமாகும்.

புதிதாக ஒன்றை வடிவமைப்பதாக இருந்தால் நான் 74எச்சியு04ஐ நாடமாட்டேன். இரு மின்னழுத்தங்களை ஒப்பிட்டு 0 அல்லது 1 தரும் எல்எம்393 போன்ற ஓர் ஒப்பீட்டி, இரண்டு மூன்று மின்தடைகளோடு, வாசலையும் ஹிஸ்டெரிசிஸையும் நாம் நினைத்த மில்லிவோல்ட்டில் வைக்கும். மின்வழங்கல் கலக்கத்தையும் பெருமளவு பொருட்படுத்தாது. காந்த உணரிகளுக்கென்றே உள்ள எல்எம்1815 இன்னும் ஒரு படி மேலே போய், அலையின் உயரத்துக்கேற்பத் தன் வாசலையும் உயர்த்திக்கொள்ளும். வேகத்தோடு உயரமும் மாறும் உணரிக்கு அதுவே முறையான விடை. இருக்கும் பலகையை வெட்டாமல், இருக்கும் சாக்கெட்டிலேயே தீர்வு காண வேண்டியிருந்ததுதான் என் வழியை நியாயப்படுத்தியது.

இறுதிச் சோதனையில் சமிக்ஞை இயற்றியைக் கொண்டு உணரியைப் போலவே உயரத்தையும் அதிர்வெண்ணையும் சேர்த்து மாற்றிப் பார்த்தேன். 25 ஹெர்ட்ஸிலிருந்து 3 கிலோஹெர்ட்ஸ் வரை திரை ஓர் எண் கூடுதல் குறைவுக்குள் சரியாக இருந்தது. 22 அருகே அலையின் உச்சம் 15 மில்லிவோல்ட்டைத் தொடும்போது எண்ணிக்கை தடுமாறி, அதற்குக் கீழே சுழியானது. சக்கரம் நிற்கும்போதும் சுழிதான். எஞ்சியது ஒன்றே: இணைப்புக் கொடுத்தவுடன் பெருக்கி இன்னும் தன் வாசலில் நிலைகொள்ளாதபோது, 470 நானோஃபாரட் 1 மெகா ஓம் வழியாக நிரம்ப அரை நொடி ஆகிறது. அதுவரை வரும் எண்ணிக்கைக்குப் பொருளில்லை. முதல் வாசிப்பைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதி, கருவியின் மூடியில் ஒட்டித் திருப்பிக் கொடுத்தேன்.